இஞ்சிவிளையில் ஒரு முகவரி

குழித்துறை வக்கீலின் குமாஸ்தா விஜயதரன்
விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிச் சொன்னார்:
"நம்ம வேதக்காரங்களுக்கு
இந்தப் பக்கம்னா ரெண்டு வருஷம் பிரிஞ்சு கெடக்கணும்.
அந்தப் பக்கத்து ஐகோர்ட்டு
காத்திருங்குற வரியையே வெட்டிப் போட்டாச்சு.
சட்டம் ஒண்ணுதான் பிள்ளே,
படிக்கிற கண்ணாடிதான் வேற."

களியக்காவிளைச் சாவடியில்
கோழி லாரிக்கு ஒரு தாள், கருங்கல் லாரிக்கு ஒரு தாள்.
சாளை மீன் தாளில்லாமல் கடக்கிறது.
எங்கள் ஒன்பது வருஷம் எந்த வகை என்று
யாருக்கும் தெரியவில்லை.

எட்வின் என்னை அடித்ததில்லை.
அதையும் எழுதுங்கள் என்றால்
குமாஸ்தாவின் பேனா நின்றுவிடுகிறது.
வேறு பெண் இல்லை.
குடி கிறிஸ்துமஸுக்கு மட்டும்.
ஒரு நாள் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் பக்கத்தில் நின்று
"நமக்குள்ள ஒண்ணும் இல்லல்லா" என்றான்.
"இல்ல" என்றேன்.
அவ்வளவு லேசாக நாங்கள் வேறெதிலும் ஒத்துப்போனதில்லை.
போதகர் ஜெபிக்கலாம் என்றார்.
ஜெபித்தோம். அதுவும் ஒருமனதாக.

இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறதாம்,
பத்து என்று போட்டு ஓர் எழுத்து,
வெகுநாள் கழித்து நினைவு வந்து
ஒட்டவைத்ததுபோல.

கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது எங்கேயோ
அந்த ஊர்க் கோர்ட்டு.
ஆகவே எல்லை தாண்டி
நாங்கள் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும்.
ஆகவே
பிரிவதற்கு வீடு பார்த்தோம்.

கல்யாணத்துக்குப் பார்க்கவில்லை.
அவன் அம்மாவின் வீடு இருந்தது,
என் பெட்டி போய் இறங்கியது, அவ்வளவுதான்.
இப்போதுதான் முதன்முதலாக
இருவருமாக ஒரு ஜன்னலைத் திறந்து பார்க்கிறோம்.
மீனத்தில் கிணறு வற்றுமா என்று அவன் கேட்டான்.
கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் சுவரில் ஆணி எத்தனை என்று எண்ணினேன்.

"பார்யயும் பர்த்தாவும் தன்னெயல்லே?"
வீட்டுக்காரி விலாசினி கேட்டாள்.
ஆமாம் என்றோம், ஒரே குரலில்.
அட்வான்ஸ் பத்தாயிரம்.
ஐந்து அவன், ஐந்து நான்.
சபைப் பதிவேட்டுக்குப் பிறகு
எங்கள் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தது
அந்த முத்திரைத்தாளில்தான்.

குமாஸ்தா போனில் சொன்னார்:
"ஒரு ராத்திரியாவது தங்குங்க.
கோர்ட்டுல பொய் சொல்லக்கூடாதுல்லா."
தங்கினால் குழித்துறைக் கணக்கில்
சேர்த்துவைத்த பதினொரு மாதப் பிரிவு அழியும்.
தங்காவிட்டால் நெய்யாற்றின்கரைக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

பாய் ஒன்றுதான் கொண்டுபோயிருந்தேன்.
அவன் மலையாளப் பத்திரிகையை விரித்துக்கொண்டான்,
படுக்குமுன் எழுத்துக்கூட்டி வாசித்தான்:
"விவாகமோசனச் சட்டத்த மாத்தணும்னு
யாரோ பேசியிருக்காவ."
"எந்தப் பக்கத்துக்கு?"
"ரெண்டு பக்கத்துக்கும்."
"எப்போ?"
"அது போடல."
விளக்கை அணைத்தான்.

மாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி,
எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்:
சேரும்போது ஆலயத்தில் ஒரு தரம் கேட்டீர்கள்,
சம்மதமா என்று.
ஒரு தரம் சொன்னதை நம்பினீர்கள்.
என் குரல் அன்றைக்கு எவ்வளவு மெல்லியது!
பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.
இன்று சத்தமாகச் சொல்கிறேன்,
கேட்கவில்லை என்கிறீர்கள்.

ராத்திரி அவன் இரண்டு முறை இருமினான்.
எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்று
இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.
தெரிந்ததை எந்த மனுவிலும் போட இடமில்லை.

விடிந்ததும் நடந்தே கிளம்பினோம்.
சாவி ஒன்றுதான்.
"நீ வச்சுக்கோ" என்றான்.
"நீ வச்சுக்கோ" என்றேன்.
கடைசியில் விலாசினியிடமே கொடுத்துவிட்டோம்.

சாவடியில் ஒரு போலீஸ்காரர் என் கக்கத்தைக் காட்டி
என்ன கொண்டுபோகிறாய் என்றார்.
பாய், என்றேன்.
போ, என்றார்.